ஹார்டு டிஸ்க் ஓடினால் துடிக்கும் கேபினெட் விளக்கு: சில ஆண்டு அனுபவம்

கேபினெட்டின் முகப்பில் ஹார்டு டிஸ்க்குக்கென்று ஒரு குட்டி எல்இடி இருக்குமே, அதைப் பார்த்தே கணினியின் மனநிலையைப் படிக்கப் பழகியவன் நான். கேபினெட்டை மேசைக்கு அடியில் தள்ளி வைத்த பிறகு அந்த விளக்கு கண்ணில் படவில்லை. இப்போது வரும் பல கேபினெட்களில் அது இருப்பதே இல்லை. அதனால் உள்ளே ஒட்டியிருந்த எல்இடி பட்டையையே டிஸ்க்கின் ஓட்டத்துக்கு ஏற்பத் துடிக்க வைத்தேன். சில ஆண்டுகள் தினமும் அதனோடு வேலை செய்த பிறகு எழுதுகிறேன். இந்த வேலையை ஒயர் வழியாகவும் செய்யலாம், மென்பொருள் வழியாகவும் செய்யலாம். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். முடிந்தவரை ஒயர் வழியே போங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

முதலில் ஒயரிங். மதர்போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்ச், ரீசெட் எல்லாம் சொருகும் பின்கள் இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் அங்கே 1-ஆவது பின் ஹார்டு டிஸ்க் எல்இடியின் பிளஸ், 3-ஆவது மைனஸ். பிளஸ் பின்னுக்கு 5 வோல்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. டிஸ்க் வேலை செய்யும்போது மைனஸ் பின் கிரவுண்டுக்கு இழுக்கப்படுகிறது, விளக்கு எரிகிறது. அந்த ரெசிஸ்டர் விடும் மின்னோட்டம் ஒரே ஒரு எல்இடிக்குத்தான் போதும், சில மில்லி ஆம்பியர் அவ்வளவுதான். மீட்டருக்கு 60 எல்இடி கொண்ட சாதாரண 3528 ரகப் பட்டையோ 12 வோல்ட்டில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் கேட்கும். 30 சென்டிமீட்டர் துண்டுக்கே 120 வேண்டும். ஆகவே பட்டையை நேராக அந்தப் பின்னில் கொடுக்க வழியே இல்லை. இடையில் ஒரு சுவிட்ச் வேண்டும்.

நான் வைத்தது பிசி817 என்ற ஆப்டோகப்ளர், அதற்குப் பின்னால் ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட். மாஸ்ஃபெட் என்பது மூன்று கால் கொண்ட மின்னணு சுவிட்ச்: கேட் என்ற காலில் வோல்ட் வந்தால், டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு கால்களுக்கு நடுவில் மின்சாரம் ஓடும். ஆப்டோகப்ளருக்குள் ஒரு எல்இடியும், அதன் வெளிச்சத்தைப் பார்த்துத் திறக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. மதர்போர்டு பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் வெளிச்சம் மட்டுமே கடக்கிறது. பட்டைப் பக்கத்துக் கோளாறு அந்தப் பின்கள் வழியாகப் போர்டை எட்டாது. நிம்மதியாக உறங்க இது ஒன்று போதும். ஒயரைத் திருப்பிச் சொருகினாலும் பயமில்லை. பிசி817 தலைகீழாக 6 வோல்ட் வரை தாங்கும், அங்கே வருவதோ 5. விளக்கு எரியாது, அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

ஆப்டோவின் எல்இடி கால்கள் மதர்போர்டின் அந்த இரண்டு பின்களுக்கு. 12 வோல்ட்டை, பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சள் ஒயரிலிருந்து எடுத்து, 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆப்டோவின் டிரான்சிஸ்டர் பக்கத்துக் கலெக்டர் காலுக்கு. அதே டிரான்சிஸ்டரின் எமிட்டர் கால் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். பட்டையின் பிளஸ் மஞ்சளுக்கு, மைனஸ் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, சோர்ஸ் கருப்பு ஒயருக்கு. சர்க்யூட் இவ்வளவுதான். சின்ன டாட் போர்டில் சாலிடர் செய்து, ஷிரிங்க் டியூப் போட்டு மூடி, கேபிள்களுக்குப் பின்னால் வைத்தேன். அன்றைக்கு வைத்தது இன்றுவரை சூடு ஏறியதில்லை.

இந்த நிலையிலேயே விளக்கு துடிக்கும். ஆனால் நெடுநாள் அதனோடு வாழ முடியாது. எஸ்எஸ்டியில் ஒரு சின்னக் கோப்பைப் படிப்பது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. விளக்கு வெடுக் வெடுக்கென்று அதிரும். முழு இருட்டிலிருந்து முழு வெளிச்சம், மறுபடி இருட்டு. மாலையில் அறை விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தால் கண் எரியத் தொடங்கும். இது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. நொடிக்கு 3 முதல் 30 முறை வரை சிமிட்டும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்வேன்.

மற்றவர்களுக்கு இரண்டு உதிரிகள் போதும், அனுபவமே மாறிவிடுகிறது. ஒன்று, கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். டிஸ்க் நின்றதும் கேட் உடனே விழாமல், 10 கிலோ ஓம் வழியாக மெல்ல வடிகிறது. விளக்கு அணைய ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. வெடுக்கென்ற அதிர்வு போய், மூச்சு விடுவது போன்ற தணிவு வந்துவிடும். இரண்டு, மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். டிஸ்க் சும்மா இருக்கும்போதும் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து, பட்டை மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். இருட்டு வெளிச்சம் என்று மாறாமல், மங்கல் பிரகாசம் என்று மாறும். பட்டையைக் கண்ணாடிப் பக்கம் காட்டாமல் பின்சுவரைப் பார்த்து ஒட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் கண்ணுக்கு இதம்.

அன்றாடப் பயன் என்ன? கணினி திடீரென்று உறைந்து, மவுஸ்கூட நகராத நேரத்தில்தான் இது கைகொடுக்கிறது. விளக்கு துடித்துக்கொண்டிருந்தால், பல நேரம் நினைவகம் போதாமல் அதில் உள்ளதை டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன், பெரும்பாலும் மீண்டுவிடும். நெடுநேரம் விளக்கு மங்கலாகவே கிடந்தால் அந்த நேரத்தில் டிஸ்க்கில் எதுவும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கவில்லை என்ற அளவில் துணிந்து ரீசெட்டை அழுத்தலாம். பேக்கப் முடிந்துவிட்டதா என்று திரையைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன், அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிறது. ஒரு பழைய டிஸ்க், சின்னக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் விளக்கை நெடுநேரம் எரியவிட்டது. அந்தச் சந்தேகத்தில்தான் அதன் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) விவரங்களைப் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கை ஏறியிருந்தது. தரவு போகுமுன் வேறு டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒரு சின்ன எரிச்சலும் உண்டு. டிவிடி டிரைவ் இருந்தால், உள்ளே தட்டு இருக்கிறதா என்று விண்டோஸ் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். யாரும் எதுவும் செய்யாதபோதும் விளக்கு நொடிக்கொரு முறை சிமிட்டும். எனக்கு டிரைவ் அபூர்வமாகத்தான் தேவை, அதனால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டேன்.

மென்பொருள் வழி சாலிடர் வேலை கேட்காது. ஆர்ஜிபி பட்டை, ஓப்பன்ஆர்ஜிபி என்ற திறமூல மென்பொருள், பின்னணியில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எத்தனை செக்டர் படித்தது, எத்தனை எழுதியது என்ற கணக்கை இயங்குதளத்தின் மையமான கெர்னலே வைத்திருக்கிறது. 50 மில்லி நொடிக்கு ஒருமுறை அதைப் படித்து நிறத்தை மாற்றலாம். படித்தால் நீலம், எழுதினால் ஆரஞ்சு என்று பிரிக்க முடிவது ஒயர் வழியில் கிடைக்காத அருமையான வசதி. ஓப்பன்ஆர்ஜிபியில், நிறத்தைச் சேமிக்காமல் நேராகப் பட்டைக்கு அனுப்பும் டைரக்ட் முறையிலேயே வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் கன்ட்ரோலரின் நினைவகத்தில் சேமிக்கும் முறை இதற்கு ஆகாது. ஆனால் கணினி உறைந்தால் ஸ்கிரிப்டும் உறைந்துவிடுகிறது. விளக்கு எந்த நிறத்தில் நின்றதோ அதிலேயே நிற்கும். எந்த நிமிடத்துக்காக இந்த விளக்கு வேண்டுமோ, சரியாக அந்த நிமிடத்தில் அது வாயை மூடிக்கொள்கிறது. பூட் ஆகும்போதும் அப்படியே. இயங்குதளம் எழுந்த பிறகுதான் பேசத் தொடங்கும்.

என்விஎம்இ எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் மதர்போர்டின் எம்.2 சாக்கெட்டில் நேராகச் சொருகும் ரகம்) மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. எல்இடி பின்னுக்கு வரும் சைகை பல போர்டுகளில், கேபிளில் இணையும் டிஸ்க்குகளைக் கவனிக்கும் சாட்டா கன்ட்ரோலரிலிருந்து மட்டுமே வருகிறது. என்விஎம்இ எவ்வளவு ஓடினாலும் விளக்கு அசையாது. எம்.2 சாக்கெட்டின் 10-ஆவது பின்னில் இதற்கான சைகை உண்டு, அதை எல்இடி பின்னோடு இணைத்திருப்பதும் இணைக்காததும் போர்டைப் பொறுத்தது. பட்டை வாங்கும் முன் பெரிய கோப்பு ஒன்றை காப்பி போட்டுவிட்டு, அந்தப் பின்னில் ஒரு சாதாரண சிவப்பு எல்இடியைச் சொருகிப் பாருங்கள். மினுக்கினால் மேலே சொன்ன சர்க்யூட் அப்படியே வேலை செய்யும். என் போர்டில் மினுக்கவில்லை. அதனால் கோப்புகள் இருக்கும் சாட்டா டிஸ்க்குக்கு ஒயர் பட்டையையும், இயங்குதளம் இருக்கும் என்விஎம்இ-க்கு ஸ்கிரிப்ட் ஓட்டும் பட்டையையும் அடுத்தடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.