ஆறவிட்ட செம்பா, இழுத்து இறுகிய செம்பா?

இரண்டும் அதே செம்புதான், ஆனால் கையில் வளைத்துப் பாருங்கள். சூடேற்றி ஆறவிட்ட கம்பி நூல் மாதிரி வளையும். அதையே ஒரே இடத்தில் நாலைந்து முறை மடக்கினாலோ, சூடேற்றாமல் இழுத்து நீட்டினாலோ விறைத்து அடம்பிடிக்கும். ஏன்? 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி என்ற மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியே சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் வியப்புதான்: உலோகம் வளையும்போது அணுத்தளம், அதாவது அணுக்களின் ஓர் அடுக்கு, மொத்தமாக வழுக்குவதில்லை, ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பைத் தள்ளிக்கொண்டே போவதுபோல டிஸ்லொகேஷன் என்ற கோட்டுக்குறை, அதாவது அணு ஒழுங்கில் ஒரு கோடாக ஓடும் பிசகு, நகர்கிறது. ஆறவிட்ட செம்பில் அவை குறைவு, பாதை காலி. இழுத்த கம்பியில் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகி, ஒன்றையொன்று மறித்துச் சிக்கிக்கொள்கின்றன. வலிமை கூடும், நீளும் தன்மை போகும், மின்கடத்தலும் லேசாகக் குறையும். மோட்டாருக்குள் சுற்றும் கம்பிக்கு முதலாவது சரி. ரயிலுக்கு மேலே இழுவிசையோடு ஓடும் மின்கம்பிக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஆனால் அதை அதிகம் சூடாக்கிவிடாதீர்கள், மறுபடி இளகிவிடும்.