உப்புவெளி ஸ்பானிஷ் வகுப்பு: அக்காவும் அத்தானும் படித்த எட்டுக் கிழமை

கனடாவில், ஸ்காபரோவில் முப்பத்தைந்து வருடம் பனி தள்ளிய அக்காவும் அத்தானும் இனிக் குளிர் தாங்காது என்று மெக்சிகோவில் மெரிதா என்கிற ஊருக்குக் குடிபோகப் போகிறார்கள். ஏன், திருகோணமலைக்கே வந்தால் என்ன என்று நான் கேட்காமல் இல்லை. பேரப்பிள்ளைகள் டொரன்டோவில், மெரிதா என்றால் நாலைந்து மணித்தியாலப் பறப்பு, இங்கே வர ஒரு முழு நாள் போய்விடும் என்று அக்கா சொன்னதும் விட்டுவிட்டேன். வெயில் நம்மூர் வெயில்தான், கடல் வேண்டுமென்றால் 35 கிலோமீற்றரில் புரோகிரெசோ இருக்கிறது, வாடகையும் மரக்கறியும் டொரன்டோவோடு பார்த்தால் எவ்வளவோ மலிவு. மிச்சம் பாஷைதான். டிசம்பரில் இங்கே வந்து நின்ற நேரம் உப்புவெளியில் ஒரு டீச்சர் வீட்டில் சேர்ந்தார்கள், துணைக்கு நானும் போனேன்.

டீச்சர் ஸ்பெயினில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். கிழமைக்கு இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம், ஆளுக்கு 18,000 ரூபாய். முதல் நாள் கொப்பியை எடுக்கவே விடவில்லை. வாசலில் கழற்றி வைத்திருந்ததைக் காட்டி "இது என்ன?" என்றார். சப்பாத்து என்றார் அத்தான். "சபாத்தோ. ஒரு சொல் வந்திட்டுது, உள்ளே வாங்கோ." உள்ளே போனால் மேசை மேசாவாகிறது, பாண் பான் ஆகிறது, குசினி கொசினா, துவாய் தொவாயா, இருந்த வாங்கு பாங்கோ. 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் இவை, போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் உடன்பிறப்புகள் மாதிரி. பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் வயதானவர்கள் பேசுகிற பாஷைக்கும் வேர் அதுதான். உற்சாகத்தில் அத்தான் கதிரையைக் காட்டி "கதெரா" என்றுவிட்டார். கதெரா என்றால் இடுப்பு, உட்காருகிறதுக்கு சீயா என்று டீச்சர் திருத்தினார், அந்தச் சொல்லை அவர் இனி ஒருநாளும் மறக்கமாட்டார்.

எனக்கு இந்த வகுப்பில் பிடித்ததே இதுதான், எல்லாவற்றையும் தமிழுக்குள்ளால் கொண்டுபோகிறார். டொரன்டோவில் அக்கா நூலகத்தில் ஆங்கிலம் வழியாக ஒரு முறை தொடங்கி, "மே குஸ்தா" என்கிற இடத்தில் தலை சுற்றி நிறுத்தியவர். ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்', ஸ்பானிஷில் ஏன் அப்படி இல்லை என்று அவருக்குப் புரியவேயில்லை. இங்கே டீச்சர் ஒரே வரியில் முடித்தார்: மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கும். அவ்வளவுதான்! அக்காவுக்கு முழங்கால் வருத்தம், அதற்கும் அதே கட்டு, "மே துவேலே லா ரொதியா", எனக்கு வலிக்குது முழங்கால். நீ, நீங்கள் என்பதற்கும் தூ, உஸ்தெத் என்று இரண்டு இருக்கிறது, வயதானவர்களுக்கும் கடைக்காரருக்கும் எது என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. உச்சரிப்பிலும் அப்படியே. கனடா நாக்கோடு "டொமாட்டே" என்ற அத்தானிடம் ட வேண்டாம், நம்முடைய த போடுங்கோ என்றார், தொமாத்தே சரியாக வந்தது. மஞ்ஞானாவில் வருகிற ஞ நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பெரோவுக்கும் பெர்ரோவுக்கும் இடையில்தான் கொஞ்சம் பாடுபட்டோம், முதலாவது 'ஆனால்', இரண்டாவது நாய்.

குறை இல்லாமல் இல்லை. அவர் படிப்பிக்கிறது ஸ்பெயின் நாட்டு வழக்கு. கணினிக்கு ஒர்தெனதோர் என்று எழுதித் தந்தார், மெக்சிகோவில் கொம்புத்ததோரா. 'எடுக்கிறது' என்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்கிற கொஹேர் மெக்சிகோவில் கெட்ட வார்த்தை, இதை நாலாவது கிழமைதான் சொன்னார், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அச்சடித்த புத்தகம் ஒன்றும் இல்லை. மார்கழி மழைக்கு இரண்டு வகுப்பு நின்றுபோனது, ஆனால் இரண்டையும் பிறகு எடுத்துத் தந்தார்.

பெரிய குறை வேறு. விசா, பென்ஷன் பற்றியும் ஆலோசனை சொல்கிறார், அதை மட்டும் கேட்காதீர்கள். "கனடாப் பென்ஷன் எல்லாம் அங்கேயும் வரும்" என்று சொன்னதை நம்பி அத்தான் கணக்குப் போட்டுவிட்டார். முதியோர் பென்ஷன் வரும்தான், 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது கனடாவில் இருந்திருந்தால். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு அதோடு சேர்த்துக் கொடுக்கிற உதவித்தொகை, நாட்டை விட்டு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் நின்றுவிடும். அத்தானின் மாதச் செலவில் கணிசமான பங்கு அதுதான். நல்ல காலம் மகள் கவனித்துச் சொன்னாள், அந்த இரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. இப்போது சின்ன வீடாகப் பார்க்கிறார்கள். தற்காலிக வதிவிட விசாவுக்கு வருமானத்தைக் காட்ட வேண்டியதும் மெக்சிகோவுக்கு வெளியே அவர்களுடைய தூதரகத்தில்தான், உள்ளே போய் 30 நாளுக்குள் வதிவிட அட்டைக்குப் பதிய வேண்டும், முதல் அட்டை ஒரு வருடத்துக்கு. இதையெல்லாம் தூதரகத்திடமே நேரே கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாஷைக்கு நான் இவரிடம்தான் அனுப்புவேன். அறுபத்தெட்டு வயதில் அத்தான் பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி, ஓட்டோவில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். போன கிழமை அக்கா ஸ்காபரோவிலிருந்து எடுத்து, மெரிதாவில் வீடு காட்டுகிற அம்மாவோடு பத்து நிமிடம் தானே கதைத்ததாகச் சொன்னார், தண்ணீர்த் தாங்கி மொட்டை மாடியிலா என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

ஒரு வகுப்பில் மூன்று பேருக்கு மேல் சேர்க்கமாட்டார், முன்னமே சொல்லி வையுங்கள். மெக்சிகோ போகிறவர்கள் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொற்களை மாற்றித் தருவார். பின்னேர வகுப்பில் நுளம்பு அதிகம், காலை வகுப்பே நல்லது.