வணிக வழக்கறிஞராக விரும்புவோர் முதலில் சேர வேண்டிய இடம்: சீனியர் அலுவலகமா, சட்ட நிறுவனமா?

சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேறிய ஒருவர், நிறுவனங்களுக்கு இடையே எழும் ஒப்பந்தப் பிணக்குகளையும் பண வழக்குகளையும் நடத்தும் வணிக வழக்கறிஞராகச் சென்னையில் வளர விரும்பினால், அவர் முன் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்தும் அனுபவமுள்ள வழக்கறிஞரிடம், அதாவது ஒரு சீனியரிடம், ஜூனியராகச் சேரலாம். அல்லது பெரிய சட்ட நிறுவனமொன்றின் வழக்குப் பிரிவில் மாதந்தோறும் நிலையான தொகை பெறும் அசோசியேட்டாகச் சேரலாம். பெரும்பாலும் வருமானத்தை வைத்தே இவ்விரண்டும் ஒப்பிடப்படுகின்றன. முதல் சில ஆண்டுகளில் எந்தத் திறன் கைவசமாகும் என்பதே முதன்மையான அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சீனியர் அலுவலகத்தின் வலிமை சென்னையில் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாட்டின் பெரும்பாலான உயர் நீதிமன்றங்கள் மேல்முறையீடுகளையும், அரசின் செயல்களை எதிர்க்கும் ரிட் மனுக்களையுமே முக்கியமாக விசாரிக்கின்றன. பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகியவற்றைப் போலச் சென்னையிலோ சிவில் வழக்கை நேரடியாகத் தொடுக்கும் ‘ஒரிஜினல் சைடு’ இருக்கிறது. வழக்குரை (வழக்கைத் தொடுக்கும் மனு) தாக்கலாவது முதல், மாஸ்டர் எனப்படும் நீதிமன்ற அதிகாரி முன்பு சாட்சியம் பதிவாவது, இறுதி வாதம் வரை ஒரு வழக்கின் முழு ஆயுளையும் ஜூனியர் ஒரே வளாகத்தில் கண்ணால் பார்க்க முடியும். நீதிமன்றப் பதிவகம் குறை சொல்லித் திருப்பிய வழக்குக் கட்டைச் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்வதும், சீனியர் வேறொரு நீதிமன்றத்தில் இருக்கும்போது எழுந்து நின்று வாய்தா கேட்பதும் சிறிய வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் நீதிபதி திடீரென்று கேட்கும் கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லும் துணிவு அவற்றால்தான் வருகிறது. குறுக்கு விசாரணையும் அப்படித்தான்: எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட வேண்டும் என்பதை, நல்ல வழக்கறிஞர் ஒருவர் சாட்சியை விசாரிப்பதை அருகிலிருந்து பலமுறை பார்த்தவரே அறிவார்.

எல்லாச் சீனியர் அலுவலகங்களும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் மூத்த வழக்கறிஞராக அறிவிக்கப்பட்டவர் தாமே வக்காலத்து (கட்சிக்காரர் சார்பில் ஆஜராக அதிகாரம் தரும் பத்திரம்) தாக்கல் செய்ய முடியாது. வேறொரு வழக்கறிஞர் தயாரித்துக் கொண்டுவரும் வழக்கை வாதிடுவதே அவர் பணி. அவரிடம் சேரும் ஜூனியர் உயர்ந்த வாதங்களைக் கேட்பார். கட்சிக்காரரிடம் விவரம் வாங்கி வழக்கை முதலிலிருந்து கட்டும் வேலை அவருக்குக் குறைவாகவே கிடைக்கும். எனவே வணிக வழக்குகளில் வக்காலத்து தாக்கல் செய்து, விசாரணையையும் தாமே நடத்தும் வழக்கறிஞரின் அலுவலகமே தொடக்கத்துக்கு ஏற்றது.

சட்ட நிறுவனத்தின் பலம் ஆவணங்களில் இருக்கிறது. பல ஆண்டுக் கணக்கேடுகள், மின்னஞ்சல்கள், வாங்கல் ஆணைகள் ஆகியவற்றைப் படித்து, நிகழ்வுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, கட்சிக்காரரின் நிதித்துறை அதிகாரிகளோடு உட்கார்ந்து எந்தத் தொகை எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளும் பயிற்சி அங்கே முறையாகக் கிடைக்கிறது. 2016இல் திவால் சட்டம் வந்த பிறகு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் வழக்குகளும், நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் முடிவு செய்யும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான நடுவர் தீர்ப்பு வழக்குகளும் அங்கே நிறைய வருகின்றன. குறை என்னவென்றால், முக்கியமான நாளில் வாதிட வெளியிலிருந்து மூத்த வழக்கறிஞரை அமர்த்துவார்கள். வழக்கை முழுவதும் அறிந்த அசோசியேட் பின்வரிசையில் குறிப்பு எடுத்துக் கொடுப்பவராகவே இருந்துவிடக்கூடும்.

வணிகப் பிணக்குகளுக்குக் கண்டிப்பான தனி நடைமுறை வகுத்த 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இந்தத் தராசைச் சற்று அசைத்திருக்கிறது. 1 கோடி ரூபாயாக இருந்த குறைந்தபட்ச வழக்கு மதிப்பு 2018இல் 3 லட்சமாகக் குறைக்கப்பட்டதால், நடுத்தர வியாபாரியின் வழக்கும் இந்தக் கடுமையான நடைமுறைக்குள் வந்துவிட்டது. அழைப்பாணை சேர்ந்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் எதிர்வழக்குரை (எதிர்த்தரப்பின் எழுத்துப் பதில்) தாக்கலாகாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்கில் முதலில் சமரசத்துக்குச் செல்வது கட்டாயம் என்று 2022இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைவசமுள்ள ஆவணங்களை வழக்குரையோடே தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்ள, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. இந்த அளவில் சட்ட நிறுவனப் பயிற்சியின் மதிப்பு உயர்ந்திருக்கிறது என்பதைச் சீனியர் அலுவலகங்களை விரும்பும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி வருமானம். வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் சில ஆண்டுகள் சொற்பத் தொகையில் காலம் தள்ளிவிடலாம். முதல் தலைமுறைப் பட்டதாரி சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. 2024 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்று கூறியது நியாயத்தின் குரல். உழைப்பை வாங்கிக்கொண்டு அனுபவத்தையே கூலியாகக் காட்டுவது திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளை இந்தத் துறையிலிருந்து விரட்டும் செயல். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் பிரித்து மாற்றப்பட்டதால், வகுப்பு முடிந்ததும் நடந்துபோய் நீதிமன்றத்தில் உட்காரும் வாய்ப்பும் அத்தகைய மாணவர்களுக்குப் போய்விட்டது.

நிறுவனமொன்றின் சட்டத் துறையில் முழுநேர ஊழியராவதை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். முழுநேரச் சம்பள ஊழியர் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால், வாதிட விரும்புபவருக்கு அது தொடக்கமாகப் பொருந்தாது.

என் பரிந்துரை இது. உதவித்தொகையை ஒழுங்காகத் தந்து, ஒரிஜினல் சைடில் விசாரணை நடத்தும் அலுவலகம் கிடைத்தால், முதல் மூன்று நான்கு ஆண்டுகளை அங்கே செலவிட்டு, அதன்பின் சட்ட நிறுவனத்துக்குச் செல்வதைப் பற்றி யோசிக்கலாம். நீதிமன்றத்தில் நின்று பழகியவர் ஆவணப் பயிற்சியைப் பிறகு பெற்றுக்கொள்வதைவிட, உயர்ந்த வருமானத்துக்குப் பழகியவர் ஜூனியராகத் திரும்பி நிற்பது கடினம். குடும்பத்தைத் தாங்க வேண்டிய பொறுப்பு இப்போதே இருந்தால், தயங்காமல் சட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சேரும்போதே சிறிய மனுக்களையாவது தாமே வாதிட அனுமதிப்பார்களா என்று கேட்டு, தெளிவான பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.