சிமென்ட் வைத்தார்கள், எலும்புக்கு மருந்து தரவில்லை

சென்ற ஆவணியில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்த என் தாயார் (வயது 76) முதுகில் சுளீரென்று வலிக்க, எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அருகிலுள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள், இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருப்பதாகவும், மறுநாளே அவற்றுக்குள் ஊசி வழியே எலும்பை இறுக்கும் சிமென்ட் செலுத்தாவிட்டால் கால்கள் விழுந்துவிடும் என்றும் கூறினார்கள். அம்மாவுக்குக் கால் மரத்துப்போகவில்லை, சிறுநீர் கழிப்பதிலும் சிரமமில்லை. ஆனாலும் பயத்தில் கையெழுத்திட்டேன்.

ஸ்கேன் அறிக்கை வீட்டுக்கு வந்த பிறகே என் கைக்குக் கிடைத்தது. எல்1 எனப்படும் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பில் மட்டுமே மஜ்ஜை வீக்கத்துடன் கூடிய புதிய முறிவு என்றும், அதற்கு நேர் மேலே உள்ள டி12 எலும்பில் இருப்பது ஆறிப்போன பழைய முறிவு என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. சிமென்ட்டோ இரண்டிலும் செலுத்தப்பட்டு, இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம் வாங்கப்பட்டிருந்தது.

ஐந்து மாதத்தில் எல்1-க்கு நேர் கீழே உள்ள எல்2 எலும்பும் நசுங்கியது. வேறொரு மருத்துவரிடம் போனபோது, "டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுத்தீர்கள்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. எலும்பின் அடர்த்தியை அளக்கும் அந்த ஸ்கேனை எடுத்ததே இல்லை. எடுத்துப் பார்த்ததில், அந்த அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.4. அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தாலே, எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய். முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியில் வலி மாத்திரையும் கால்சியமும் தவிர எலும்புக்கென்று எதுவும் இல்லை. (நம் ஊரில் மூட்டுவலியையும் ஆஸ்டியோபோரோசிஸையும் சேர்த்தே 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுவதால், நானும் இதை வயதின் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.) புதிய மருத்துவர் பெல்ட், வலி மருந்து, மெதுவான நடை என்று தொடங்கி, சிறுநீரகச் செயல்பாட்டைப் பரிசோதித்த பின், ஆண்டுக்கு ஒருமுறை சொட்டாக ஏற்றும் 5 மில்லிகிராம் சோலெட்ரானிக் அமிலம் என்ற, எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்தார். எட்டு வாரத்தில் அம்மா சமையலறை வரை தனியாக நடந்தார்.

சிமென்ட் சிகிச்சையே மோசடி என்று நான் சொல்லவில்லை. 2009-இல் வெளியான இரு ஆய்வுகளில், சிமென்ட் செலுத்தாமல் பாவனைக்கு ஊசி மட்டும் போடப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்தது. 2016-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, ஆறு வாரத்துக்கு உட்பட்ட முறிவில் கடும் வலி உள்ளோருக்குப் பயன் கண்டது. இந்தக் கருத்து வேறுபாட்டையும், சிமென்ட் கசிந்து நரம்பையோ நுரையீரலையோ பாதிக்கக்கூடும் என்பதையும் கையெழுத்து வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டும். காலில் பலவீனம் வந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ அவசரம் உண்மையானதுதான். ஆனால் அப்போது வேண்டியது நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கும் அறுவை, அதைச் சிமென்ட் ஊசி மட்டும் செய்துவிடாது.

டி12-இல் ஏன் சிமென்ட் வைத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு அந்த மருத்துவமனைக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.