நடைமேம்பாலமா, மேடான கடவையா?

சாலையைக் கடக்க, நடப்பவரைப் பாலத்தில் மேலே ஏற்றுவதா, கடக்கும் இடத்தையே மேடாக்கி வண்டியை மெதுவாக்குவதா? அடிப்படைக் கேள்வி இதுதான்.

மேம்பாலத்தின் கணக்கைப் பாருங்கள். லாரி அடியில் போக 5.5 மீட்டர் விட்டால், 15 செ.மீ. உயரப் படிகளில் 36-க்கும் மேல் ஏற வேண்டும். அத்தனையும் மறுபடி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு 1:12 சாய்தளம் (1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம்) என்றால் ஒரு பக்கத்துக்கே 66 மீட்டர்! கீழே 14 மீட்டர் சாலையை நேராகக் கடக்க சுமார் 12 நொடி போதும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பாலத்தின் நிழலிலேயே தடுப்பைத் தாண்டிக் குதிப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. லிஃப்ட் வைக்கலாம்தான், அது ஓடவும் வேண்டுமே.

மேடான கடவையில், சாலையே நடைபாதை மட்டத்துக்கு எழும்பி நிற்கிறது. ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தே ஆக வேண்டும். வேகம் பாதியானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் கால்வாசியாகிவிடும். நடப்பவருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் மழைநீர் வடிய வழி விடாமல் கட்டினால் கடவையை ஒட்டிக் குட்டைதான். பார்வையற்றவருக்கு நடைபாதை முடிவது காலில் தட்டுப்பட, புடைப்புள்ள ஓடுகள் கட்டாயம். சாலை அகலமென்றால் நடுவில் நின்று போக ஒரு திட்டும் வேண்டும்.

விரைவுச்சாலை, ரயில் பாதை என்றால் பாலம்தான் சரி. கடைத்தெருவுக்கும் பள்ளி வாசலுக்கும் என் ஓட்டு மேட்டுக்கே.