ஐ.சி.டி-10-சி.எம்: லேப் பில்லிங்கில் பல வருஷம் புழங்கிய அனுபவம்

அக்டோபர் 1 நெருங்கினாலே எங்கள் நைட் ஷிஃப்டில் முனகல் ஆரம்பித்துவிடும். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க லேப்களுக்கு பில் போடுகிற எங்களுக்கு, ஆயுதபூஜையை ஒட்டி வருகிற இன்னொரு சடங்கு ஐ.சி.டி-10-சி.எம்மின் புது டயக்னசிஸ் கோடுகள். நோய்க்கும் அறிகுறிக்கும் ஆளுக்கொரு கோடு கொடுக்கிற அமெரிக்கப் பட்டியல் அது; இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற பில்லில் அந்தக் கோடு சரியாக இருக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-ல் பழைய பட்டியலான ஐ.சி.டி-9ஐ விட்டு இதற்கு மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை. புதுப் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2022 முதல் ஏப்ரலிலும் ஒரு தவணை உண்டு. அது பெரிதாகப் படுத்துவதில்லை.

என் எரிச்சலெல்லாம் ஒன்று பலவாக உடைகிற கோடுகள் மேல்தான். 2021 அக்டோபரில் இருமலுக்கான ஆர்05 ஆறாகப் பிரிந்தது. கோவிட் டெஸ்ட் மலையாகக் குவிந்த நேரம். செப்டம்பர் 30 அன்று எடுத்த சாம்பிளுக்கு ஆர்05 செல்லும், மறுநாள் எடுத்ததற்குச் செல்லாது. பில் போடும் தேதிக்கு மதிப்பில்லை, சாம்பிள் எடுத்த தேதிதான் கணக்கு. ஆனால் கிளினிக்கில் பழைய ஆர்டர் ஷீட்டையே வைத்துக்கொண்டு, அச்சடித்த கட்டத்தில் ஆர்05-க்கு டிக் அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் டினையல், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தர மறுத்துவிட்டது.

சரி, நாமே ஆர்05.9 (என்ன வகை என்று குறிப்பிடாத இருமல்) போட்டுவிட்டால் என்ன? கூடாது. நோய் என்னவென்று ஆர்டர் கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். லேப் தானாக இட்டுக்கட்டக் கூடாது என்று அமெரிக்க சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 1998-லேயே எச்சரித்திருக்கிறது. நியாயம்தான். காசு வருகிற கோடாகப் பார்த்துப் போட ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்! ஆனால் ஓர் இருமலுக்காக கிளினிக்குக்கு போன் போட்டு, ஹோல்டில் காத்திருந்து, ஃபேக்ஸ் அனுப்பி, பதில் வராமல் மறுபடி போன் போட்டு... தப்பு கிளினிக்கில், நஷ்டம் லேபுக்கு, திட்டு எங்களுக்கு.

2016-ல் கொலஸ்டிராலுக்கான இ78.0, 2024-ல் உடல் பருமனுக்கான இ66.8 இப்படியே உடைந்தன. அப்போதும் இதே கூத்துதான்.

மெடிக்கல் கோடிங் படிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாகப் படியுங்கள், லேப் பக்கம் மட்டும் வேண்டாம். 5-க்கு 2 நட்சத்திரம். ஜூலையில் கேட்டிருந்தால் 4 கொடுத்திருப்பேன்.