பழைய கார்புரேட்டர் காரும் தீராத ஐடிலிங் தொல்லையும்

நண்பர் ஒருவர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். என் வண்டி இப்போதுதான் திராட்டில் ஷாஃப்டுக்கு (கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் அச்சு) புஷ், அதாவது தேய்ந்த ஓட்டைக்குள் அடிக்கும் வளையம், போட்டு வந்து நிற்கிறது. அதனால் பதில் கொஞ்சம் காரமாகவே வரும், பொறுத்துக்கொள்ளவும்.

மைலேஜ், சஸ்பென்ஷன், ஏசி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. இந்த வயது வண்டியில் அவை எப்படி இருக்கும் என்று வாங்க நினைப்பவருக்கே தெரியும். என் பிரச்சினை ஒன்றே ஒன்று, ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறும், இறங்கும், திடீரென்று ஆஃப் ஆகிவிடும். பச்சை விழுந்து கிளம்பிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேகமாகப் போகும்போது புது வண்டி மாதிரி ஓடும், நின்றால் படுத்துவிடும்.

இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏர் லீக்கை. ஐடிலில் திராட்டில் பிளேட் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழே இழுக்கிற இழுப்பில் சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம் (வெற்றிட இழுப்பு) பலமாக இருக்கும். அப்போது இன்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம்தான். அதில் விரிசல் விட்ட ஒரு ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால் கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் லீன் ஆகிவிடும், மிஸ்ஸிங் தொடங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ வேக்குவம் குறைகிறது, முறைப்படி உள்ளே போகும் காற்று பல மடங்காகிறது. அதே ஓட்டை அங்கேயேதான் இருக்கும், ஆனால் தெரியாது.

இது தெரிந்தும் பல மெக்கானிக்குகள் செய்வது என்ன? நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றுவார்கள். அப்புறம் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டுவார்கள். வண்டி அப்போதைக்கு நிற்காது, சரியாகிவிட்டதென்று அனுப்பிவிடுவார்கள். லீக் அப்படியே இருக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக் கருக்கும். என் வண்டியில் கை வைத்த ஒவ்வொருவரும் இதைத்தான் செய்தார்கள். எனக்கு எரிச்சல் காரின் மேலா, அந்த ஸ்க்ரூ டிரைவரின் மேலா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிலைமையை மாற்றியது ஒரு வேக்குவம் கேஜ். ஒரு டயல், ஒரு ஹோஸ், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ஸ்கிரீன் கிடையாது. திராட்டிலுக்குக் கீழே மேனிஃபோல்டிலிருந்து வரும் போர்ட்டில் மாட்டி, சூடான இன்ஜினை ஐடிலில் விட வேண்டும். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் பெரும்பாலும் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். 1000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளலாம். எண்ணைவிட முக்கியம் முள்ளின் நடத்தை. ஆடாமல் கீழே நின்றால் ஏர் லீக்காக இருக்கலாம், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியும் இருக்கலாம். சீரான இடைவெளியில் டக்டக்கென்று விழுந்தால் ஒரு வால்வைச் சந்தேகப்படலாம். ஆர்பிஎம்மை ஏற்றிப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பக்கம் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் முள் 14-ஐ ஒட்டி நின்று நடுங்கியது. இத்தனை வருஷம் பழகிய வண்டி அன்றுதான் வாயைத் திறந்து பேசியது போல இருந்தது.

ஆனால் கேஜ் 'லீக் இருக்கிறது' என்று சொல்லுமே தவிர, எங்கே என்று சொல்லாது. அங்கேதான் பொறுமை போகும். முதலில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மூக்கு பிளையரால் நசுக்கிப் பார்த்தேன். நசுக்கியதும் முள் ஏறினால் கள்ளன் அந்தப் பக்கம். ஸ்பார்க் நேரத்தை வேக்குவத்தால் முன்னே தள்ளும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி, முனையை நாக்கால் அடைத்தேன். நாக்கை விடாமல் பிடித்தது, உள்ளே இருக்கும் சவ்வான டயாஃப்ரம் நல்லதுதான். அதே வேக்குவத்தால் பிரேக் மிதிப்புக்குத் துணை செய்யும் பிரேக் பூஸ்டருக்கு வேறு சோதனை. இன்ஜினை அணைத்து பெடலைப் பல தடவை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டும் புதிது. ஐடில் சரியில்லை என்றதும் அங்கே நட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்குகிறவர்கள் உண்டு. கார்புரேட்டரின் அலுமினிய அடித்தட்டு (ஃபிளேஞ்ச்) வளைந்து, இல்லாத லீக் அங்கே புதிதாகப் பிறக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், என்னுடையது தப்பித்திருந்தது.

கடைசியில் சோப்புத் தண்ணீர். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சியும் சிலர் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்க, தீப்பிடிக்கிற திரவத்தைத் தெளிக்க எனக்குத் துணிவில்லை. திராட்டில் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் தெளித்ததும் நுரை உள்ளே போய்விட்டது, ஒரு நொடி ஐடிலும் மாறியது. ஷாஃப்டின் முனையை விரலால் மேலும் கீழும் அசைத்தேன். கூடவே கேஜ் முள்ளும் அசைந்தது.

வருஷக்கணக்கில் ஷாஃப்ட் சுற்றிச் சுற்றி பாடியில் ஓட்டை பெரிதாகிவிட்டது. கார்புரேட்டர் கிட் வாங்கினால் கேஸ்கெட் வரும், ஃபுளோட் நீடில் வரும், டயாஃப்ரம் வரும். இதற்குத் தீர்வு பொதுவாக அதில் இருக்காது. லேத்தில் கொடுத்து, ஓட்டையை ரீமர் போட்டுச் சீராக அகலமாக்கி, பித்தளை புஷ் அடிக்க வேண்டும். பிளேட்டின் சின்ன ஸ்க்ரூக்கள் முனை நசுக்கி வைக்கப்பட்டவை, கழற்றுவதற்குள் உயிர் போகும். திரும்ப மாட்டும்போது பிளேட் நட்டநடுவில் உட்காராவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இப்போது முள் 19-இல் ஆணி அடித்தது போல நிற்கிறது. மிக்ஸ்சர் ஸ்க்ரூ முதன்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நியாயமாகச் சொன்னால், நாக்காலும் விரலாலும் சோப்புத் தண்ணீராலும் நோயைக் கண்டுபிடிக்க விடுகிற இன்ஜின் இது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இந்தச் சுகம் கிடைக்காது. அங்கே சின்ன லீக்கை ஈசியு எனும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூட வராது. அதுவும் ஒரு சுகம்தான் என்பதை மறுக்கவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். 'அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுங்களேன்' என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம், அது நடக்காது. மனசு கேட்காமல் பார்க்கப் போனால் ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்பே ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, திராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் விலையைக் கேட்காமல் கிளம்பிவிடுங்கள்.